நாலு விரல் மடிப்பு

பசை தேய்த்தாகிவிட்டது, இனி யோசிக்கிற வேலையே கிடையாது என்று அக்சாள் வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை, என்னட்டி தானாப் பேசுத என்று கேட்க ஆளில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும். தலைக்கு மேல் ஃபேன் மூன்று கையையும் விரித்துக்கொண்டு சும்மா தொங்கியது. அதுவும் நல்லதுக்குத்தான், காற்றடித்தால் பசை சட்டென்று இழுத்துக்கொள்ளும், இப்போது பத்துப் பதினைந்து நிமிஷம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷமும் நெற்றி வேர்வை பசையில் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தூத்துக்குடி வெயிலில் அது நடக்கிற காரியமா, அதனால் அப்பாவின் லாரித் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தாள். துண்டில் டீசல் வாடை. அம்மாவின் தையல் மேசை மேல் நாலாக மடித்த போர்வை, போர்வை மேல் எலக்ட்ரிக் கிட்டாரின் உடம்பு. கழுத்து இல்லை, கம்பி இல்லை. பிக்கப்பும் திருகும் குமிழும் பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தன, எந்த ஒயர் எதில் சேரும் என்பது போனில் படமாக இருந்தது. மூன்று வாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறாள், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. இது பக்கத்துத் தெரு ஜோயல் அண்ணனுடையது. கறுப்புப் பெயின்ட், அதன் மேல் தீ எரிகிற ஸ்டிக்கர், ஸ்டிக்கருக்குக் கீழே காம்பஸ் முனையால் கீறிய ஒரு பெண்ணின் பெயர். ஜோயல் அண்ணன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான், அந்தப் பெயர்க்காரி வேறொருவனைக் கட்டிக்கொண்டு மார்த்தாண்டம் போய்விட்டாள், பெயர் மட்டும் மரத்தோடு கிடந்தது. அண்ணனின் அம்மாதான், தூக்கிட்டுப் போட்டி, கட்டிலுக்கு அடியில கிடந்து பூச்சி சேருது என்று கொடுத்தாள். பெயரை மக்கு வைத்து அடைத்து, மேலே வெள்ளை அடித்திருந்தாள் அக்சாள், மெல்லிசுத் துணிக்குக் கீழே கறுப்பு இருந்தால் கறுப்புத்தான் தெரியும். வெள்ளை மேல் இப்போது பசை, தயிர் மாதிரி, ஒரே கனமாக. வலது பக்கம் நாற்காலி முதுகில் துணி. மெரூனும் வெள்ளையுமான சின்னக் கட்டம். அதை அவள் துணி என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். துணி, துணி. அது துணி இல்லை, யூனிஃபார்ம். ப்ளஸ் ஒன்னில் ஒரு வருஷம் முழுக்கப் போட்ட டாப்பின் முதுகுப் பக்கம். அம்மா தன் கையால் தைத்து, முந்தாநாள் துவைத்து, கஞ்சி போட்டு, நேற்று ராத்திரி அயர்ன் பண்ணிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு ஹெச்.எம்மைப் பார்க்கப் போகணும், அன்னைக்கும் வரலைன்னா பேரை எடுத்துருவாங்களாம், கேட்டியா என்று அம்மா சொன்னபோது அக்சாள் ம் என்றாள். அந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று அம்மா கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. இன்று சனிக்கிழமை. இன்னொரு செட்டு சைக்கிள் செயினில் மாட்டிக் கிழிந்து, போன வருஷமே அடுப்படிக் கைப்பிடித் துணி ஆகிவிட்டது. அப்படியானால் இருந்தது இது ஒன்றுதான், இதுவும் இப்போது நாற்காலியில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது, கைகள் தனி, காலர் தனி, முதுகு தனி. வெட்டும்போது கத்தரிக்கோல் நறுக்கென்று போனது. கை நடுங்கும் என்று எதிர்பார்த்தாள், நடுங்கவில்லை. நடுங்காதது கொஞ்சம் பயமாக இருந்தது.

துணியை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்து, நடுக்கட்டம் கிட்டாரின் நடுவில் போட்ட பென்சில் கோட்டுக்கு நேராக வருகிறதா என்று பார்த்து, மெல்ல, முதலில் நடுவைத் தொடவிட்டாள். ஓரத்தில் ஆரம்பித்தால் காற்று உள்ளே மாட்டும், நடுவிலிருந்து வெளியே தள்ள வேண்டும். பூத் துணியாக இருந்தால் கொஞ்சம் கோணினாலும் யாருக்கும் தெரியாது, கட்டம் அப்படியில்லை, ஒரு நூல் சாய்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். தள்ளுவதற்கு அவள் எடுத்து வைத்திருந்தது தன் ஐ.டி. கார்டை. வழுவழுவென்று, ஓரம் கூராக இல்லாமல், வளைந்து கொடுத்து, இதற்கென்றே செய்தது மாதிரி இருந்தது. ஒரு வருஷமாகக் கழுத்தில் தொங்கியதற்கு இன்றைக்குத்தான் அந்தக் கார்டு ஒரு வேலை செய்கிறது. அவளுடைய போட்டோ மேல் பசை அப்பியது, ரெட்டைச் சடை, எண்ணெய் வழிகிற முகம், முறைப்பு. போட்டோ எடுத்தவன் சிரிம்மா என்றான், எதுக்கு என்றாள், அதோடு அவன் அமுக்கிவிட்டான். எதுக்கு என்று கேட்டால் எல்லோருக்கும் கோபம் வருகிறது, ஆனால் அவளிடம் மட்டும் எல்லோரும் கேட்பார்கள், ஏன் பள்ளிக்கூடம் போகலை, ஏன், எதனால, எவனாவது பின்னாடி வாரானா, டீச்சர் அடிச்சாங்களா, பெயில் ஆயிட்டியா. காரணம் பெரிதாக இருந்தால் கேட்கிறவர்களுக்கு நிம்மதி. எவனும் பின்னால் வரவில்லை, வந்தால் அவனுக்குத்தான் ஆபத்து. பெயிலும் இல்லை, பிசிக்ஸில் தட்டுத் தடுமாறிப் பாஸ். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை எழுந்தாள், பல் தேய்த்தாள், போகவில்லை. அவ்வளவுதான். மறுநாளும் போகவில்லை. வயிற்று வலி என்றாள், அது பாதி உண்மை, மூன்றாம் நாளிலிருந்து முழுப் பொய். ஒரு மாதம் ஓடிவிட்டது. போன வருஷம் முதல் குரூப் வகுப்பில், கடைசிக்கு முந்தின பெஞ்சில், ஒரு மத்தியானம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அதில் எழுதியிருந்தது அத்தனையும் எழுத்தாக இல்லாமல் வெறும் சாக்பீஸாகத் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரிவது தனக்குத் தெரியவில்லை, தெரியாததற்காக வருத்தமும் இல்லை. அதே வாரம் வேடிக்கை பார்க்கப் போன ரெக்ஸ் சவுண்ட் சர்வீஸ் கடையில், கல்யாண வீட்டு ஸ்பீக்கர் ஒன்றின் உள்ளே அறுந்த ஒயரைப் பற்றவைத்தாள், ஈயம் உருகி வெள்ளியாக ஓடி நின்றது, ஸ்பீக்கர் கரகரத்துப் பேசியது. கடைக்கார அக்கா, கை சுத்தமா இருக்குட்டி ஒனக்கு, தினம் வாரியா என்றாள். இதை யாரிடம் காரணம் என்று சொல்வது. ஈயம் உருகியது, அதனால் படிப்பை விட்டேன் என்றா. கார்டை இழுத்தாள், நடுவிலிருந்து இடது பக்கம், நடுவிலிருந்து வலது பக்கம். ஒரு குமிழ் எழுந்தது, மிளகாய் விதை அளவு. அமுக்கினால் பக்கத்தில் எழுந்தது. அதையும் அமுக்கினாள், ஓரம் வரை ஓட்டிக்கொண்டு போய் வெளியே விட்டாள். போ. வேதக்கோயிலில் வாலிபர் ஐக்கியத்துப் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிக்கிற டைட்டஸ் இருக்கிறான், பொம்பளப் பிள்ளைக முன் வரிசையில பாடுங்க போதும் என்பான், துணி ஒட்டப்போகிறேன் என்று இவள் சொன்னதும், ஓ, கிட்டாருக்குப் பாவாடை கட்டுதியாக்கும், அப்பம் அடுத்து பூ வச்சு விடு, காது குத்து என்று குழுவையே சிரிக்க வைத்தான். சிரிக்கட்டும். அவனுக்கு இன்னும் கட்டை விரல் வலிக்காமல் கம்பியெல்லாம் ஒரே விரலால் அமுக்கி எஃப் கார்டு பிடிக்க வராது. இவளுக்கு வரும். ஓசி கிட்டாரில், ஒரு கம்பி அறுந்த கிட்டாரில், கற்றுக்கொண்டது. இப்போது துணியின் கீழ்ப் பக்கம். இங்கேதான் காலையிலிருந்து அவள் தவிர்த்துக்கொண்டு வந்த விஷயம் இருந்தது. டாப்பின் அடி மடிப்பைப் பிரித்தபோது நாலு விரல் அகலத்துக்கு உள்ளே சுருட்டி வைத்திருந்த துணி வெளியே வந்தது, வெயில் படாத, சோப்பு அதிகம் தேயாத, கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த அதே மெரூன். மேலே எல்லாம் பெஞ்சில் சாய்ந்து சாய்ந்து வெளுத்த கட்டம், கீழே மட்டும் பட்டையாகப் புதுசு. இரண்டுக்கும் நடுவில் மடித்த கோடு வெள்ளையாக, தழும்பு மாதிரி. மெஷினுக்கு முன்னால் அவளை நிறுத்தி வைத்து, முட்டிக்கால் போட்டு உட்கார்ந்து, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே அம்மா நாலு விரலை வைத்து அளந்தாள். வளருத பிள்ளை, பன்னெண்டாப்பு வரும்போது பிரிச்சு விட்டுக்கிடலாம் என்று ஊசி வாயோடு சொன்னது இப்போதும் அதே கொழகொழப்போடு காதில் கேட்கிறது. அப்படியானால் அது வெறும் துணி இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு முழு வருஷத்தை அம்மா சுருட்டி உள்ளே வைத்துத் தைத்திருக்கிறாள். பட்டை வெளியே போகிற மாதிரி துணியை நாலு விரல் கீழே இறக்கி ஒட்டிவிடலாம், மிச்சத்தை பிளேடால் அறுத்து எறிந்துவிடலாம், அதுதான் காலையில் போட்ட திட்டம். இறக்கினாள். பசையில் துணி வழுக்கிக்கொண்டு வந்தது. பார்த்தாள். வெளுத்த கட்டம் மட்டும், ஒரே சீராக, யாருடைய துணியோ மாதிரி. பிடிக்கவில்லை. நேரம் போகிறது, பசை இறுகுகிறது, விரல் நுனியில் அது நூல் விட ஆரம்பித்தது தெரிந்தது. அதை மறைத்தால் அப்புறம் எதற்கு இந்தத் துணி, கடையில் வேறு பிட் வாங்கியிருக்கலாமே. மறுபடி மேலே இழுத்தாள், பட்டை கிட்டாரின் அடிப்பக்கம் வந்து உட்கார்ந்தது, தோள் வார் மாட்டுகிற இடத்தில், அழுத்தமாக, புதுசாக. அங்கேயே கிட.

அதற்குப் பிறகு கொம்பு. கிட்டார் உடம்பின் மேல் பக்கம் இரண்டு கொம்பு உண்டு, அந்த வளைவில்தான் துணிக்கும் ஆளுக்கும் சண்டை. ஓரத்தை ஒரு விரல் அளவு பக்கவாட்டில் மடித்து ஒட்டி, காய்ந்த பிறகு பிளேடால் அறுத்து, பக்கத்துக்குக் கறுப்பு அடிக்க வேண்டும். வளைவில் மடிப்பு விழாமல் இருக்க அம்மா கழுத்துப் பட்டிக்கு வெட்டுகிற மாதிரி அக்சாளும் சின்னச் சின்ன வெட்டு கொடுத்திருந்தாள். இடது கொம்பு எப்படியோ படிந்துவிட்டது. வலது கொம்பு படியவில்லை. மடித்தாள், எழுந்தது. அமுக்கி நாற்பது எண்ணினாள், விட்டாள், எழுந்தது, தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளை மாதிரி. பசை போதவில்லையா என்று இன்னும் கொஞ்சம் தடவினாள். எழுந்தது. அப்போதுதான் விரலுக்குத் தெரிந்தது, துணிக்குள் ஒரு விறைப்பு, அட்டை மாதிரி ஒரு மொடமொடப்பு. கஞ்சி. திங்கட்கிழமை ஹெச்.எம் முன்னால் கசங்காமல் நிற்க வேண்டும் என்று சாதம் வடித்த கஞ்சியில் அம்மா முக்கி எடுத்த துணி. துவைத்து, அலசி, கஞ்சி போகக் காய வைத்து அதற்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். தையல்காரி வீட்டில் பிறந்து இது தெரியாதா. தெரியும். அலசிக் காயப் போட்டால் கொடியில் அம்மா பார்த்துவிடுவாள், அதனால்தான் அலசவில்லை. இரண்டு கட்டை விரலையும் கொம்பின் ஓரத்தில் வைத்து அமுக்கி, மற்ற விரல்களால் கீழ்ப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விட்டால் எழும்பும். எழும்பினால் அந்த இடத்தில் சுருக்கம் விழும், சுருக்கம் காய்ந்தால் அதற்கு மேல் எத்தனை வார்னிஷ் அடித்தாலும் சுருக்கம் சுருக்கம்தான். அதனால் விட முடியாது. நின்றாள். முதுகு வலித்தது. மூக்கு நுனியில் வேர்வை சேர்ந்து கனத்தது, தோளில் துடைத்தாள். அலசினால் அம்மா பார்த்துவிடுவாள். அந்த வாக்கியம் போகாமல் அங்கேயே நின்றது. அதாவது, அம்மா பார்க்கக் கூடாது என்று இருந்திருக்கிறது. அதாவது, அம்மா பார்க்க வேண்டும், ஆனால் எல்லாம் முடிந்த பிறகு. வெட்டி, ஒட்டி, காய்ந்த பிறகு. இனி என்ன செய்ய என்று அம்மாவே விட்டுவிட வேண்டும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் காரியம் முடிய வேண்டும். அடிப்பாவி. ஊரில் எல்லோரிடமும் முகத்துக்கு நேரே பேசுவேன் என்று பெருமை, டைட்டஸிடம், போட்டோக்காரனிடம், கணக்கு மிஸ்ஸிடம், அவ்வளவு பேரிடமும் பேசுகிற வாய் ஒரே ஒரு ஆளிடம் ம் என்று மட்டும் சொல்லியிருக்கிறது. கத்தரிக்கோல் ஏன் நடுங்கவில்லை என்று இப்போது புரிந்தது. வெட்டுவது சுலபம். வெட்டுவதை விடச் சுலபமானது உலகத்தில் எதுவும் இல்லை. அம்மா வந்து கத்தினால் பரவாயில்லை, அடித்தாலும் பரவாயில்லை, சத்தம் போடாமல் கதவுக்குப் பின்னால் ஆணியைப் பார்ப்பாளே, அதற்குத்தான் பயம். சரி, சொல்லிவிடுவோம். அம்மா ஆறரைக்கு வருவாள், வந்ததும் காப்பி கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுவோம். எம்மா, நான். அதற்கு மேல் வாக்கியம் போகவில்லை. எம்மா, இனிமே. எம்மா, ஒண்ணு சொல்லணும். ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தால் பெண்பிள்ளை சொல்லப்போவது வேறு என்று நினைத்து அம்மாவுக்கு நெஞ்சே நின்றுவிடும். நேராகச் சொல்ல வேண்டும், கட்டம் மாதிரி. அப்போது வாசல் இரும்புக் கேட் கிறீச்சென்றது. பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்தாள். செருப்பை உதறுகிற சத்தம், ஒன்று, நின்று, இன்னொன்று. அது அம்மா செருப்பு உதறுகிற விதம். மணி மூன்றரைகூட ஆகவில்லை. காலையில் அம்மா கிளம்பும்போது, இன்னைக்குத் தையல் கம்பெனியிலயும் கரண்ட் கிடையாது, கை வேலையை முடிச்சுட்டு வந்துருவேன் என்று சொன்னது, சொன்னபோது காதில் விழாமல் எங்கேயோ போய் ஒளிந்திருந்தது, இப்போது முழுசாக வந்து நின்றது. ஓட முடியாது. கையை எடுத்தால் துணி எழும்பும்.

அம்மா ஞானசெல்வி உள்ளே வந்து, கைப்பையை மாட்டுவதற்குக் கதவைச் சாத்தி ஆணியைப் பார்த்தாள். வெறும் ஹேங்கர். பையை மாட்டாமலே திரும்பினாள், நாற்காலியில் கிடந்த இரண்டு கைகளையும் காலரையும் பார்த்தாள், அப்புறம் மேசையை, தலையில் துண்டு கட்டிக் குனிந்து நிற்கிற மகளை. “என்னட்டி அது?” “கிட்டாரு.” “அது எனக்குத் தெரியுது. மேல என்ன?” “யூனிஃபார்மு.” அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தோளில் சேலைக்குக் குத்திய ஊக்கை எடுத்து வாயில் கவ்வினாள், எடுத்தாள், மறுபடி குத்தினாள். கத்தவில்லை. பயந்தது போலவே. “கையை எடு.” “எடுக்க முடியாதும்மா. எடுத்தா தூக்கிக்கிடும்.” “என்னது தூக்கும்?” “துணி. நீ போட்ட கஞ்சி.” அம்மாவின் முகத்தில் எதுவோ ஒரு நொடி குழம்பியது, பதினெட்டு வருஷமாக மெஷின் மிதிக்கிறவளுக்கு உள்ளே இருக்கிற ஒருத்தி மற்றவளை முந்திக்கொண்டு வந்துவிட்டாள். “கஞ்சி போட்ட துணிய அலசாமலா ஒட்டுன? தையக்காரி மகதானட்டி நீ? மூளை இருக்கா?” கேட்டுவிட்டு, தான் கேட்க வந்தது அது அல்ல என்பது போல் நிறுத்திக்கொண்டாள். தெருவில் மீன்காரர் சைக்கிள் ஹாரனை அமுக்கிக்கொண்டு போனார். “திங்கக்கிழமை எதைப் போட்டுட்டு வருவ?” அக்சாளுக்குக் கட்டை விரல் இரண்டும் மரத்துவிட்டன, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு, இல்லை, இதையும் துணியைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்று தலையைத் தூக்கினாள். “எம்மா, நான் இனி பள்ளிக்கூடத்துக்குப் போவ மாட்டேன்.” அவ்வளவுதான். ஒரு மாதமாக வயிற்றுக்குள் கிடந்தது ஒரு மூச்சுக்கூட முழுசாக எடுக்கவில்லை. “ரெக்ஸ் கடைக்குப் போறேன். பத்தவைக்கக் கத்துக்கிடுதேன். கெட்டிக்காரி ஆயிருவேன்னு சொல்லல. ஆனா அங்க போனா எனக்கு நேரம் போறதே தெரியல, பள்ளிக்கூடத்துல தெரியுது.” அம்மா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நாள் முழுக்கக் கையால் பட்டன் தைத்ததில் ஊசி குத்திய இடங்கள். “இதச் சொல்ல ஒனக்கு ஒரு மாசமா? வயித்து வலின்ன, தலைசுத்துதுன்ன. ஹெச்.எம் அம்மா தினம் போன் போடுதாங்க, நான் என்ன சொல்லியிருக்கேன் தெரியுமா? மஞ்சக்காமாலைன்னு சொல்லியிருக்கேன். கீழாநெல்லி குடுக்கீங்களா, மோரு குடுக்கீங்களான்னு கேக்காங்க. ஞாயித்துக்கிழமை உனக்காக ஜெபிக்கக்கூடச் சொல்லியிருக்காங்களாம். கோயில்ல முட்டங்கால் போட்டுட்டு வந்து பொய் சொல்லிட்டிருக்கேன் நான், நீ வாயத் தொறக்காததுக்கு.” அக்சாளுக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் கை வேண்டும், கை காலி இல்லை. தன் பொய்க்குக் கீழே அம்மாவின் பொய் இத்தனை நாளும் முட்டுக் கொடுத்து நின்றிருக்கிறது என்று அவளுக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. “திங்கக்கிழமை நீ வார,” என்றாள் அம்மா. “எம்மா...” “வார. கலர் டிரஸ் போட்டுட்டு வார. உள்ள போயி உன் வாயால சொல்லுத. டிசியை உன் கையால வாங்குத. நான் வெளிய பெஞ்சில இருப்பேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்.” “சரி.” “காமாலை இல்ல, அம்மா சொன்னது பொய்யின்னும் நீயே சொல்லணும்.” “அதையுமா?” “அதையுந்தான்.” கலர் டிரஸ். பிறந்தநாளுக்கு மட்டும் போட விடுவார்கள், மிட்டாய் பாக்கெட்டோடு ஒவ்வொரு வகுப்பாகப் போய் நிற்க வேண்டும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். திங்கட்கிழமையும் பார்ப்பார்கள், மிட்டாய் இருக்காது. சரி. பார்க்கட்டும். அம்மா எழுந்து வந்து மேசை முன்னால் நின்றாள். கட்டத்தின் மேல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தாள். கீழே வந்ததும் அந்த மெரூன் பட்டையின் மேல் நாலு விரலை வைத்தாள். சரியாகப் பொருந்தியது, ஒரு நூல் மிச்சமில்லை. கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அக்சாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள், அம்மா நினைத்தால் ஒரு இழுப்பில் மொத்தத்தையும் பிய்த்துவிடலாம், பசை இன்னும் முழுசாகக் காயவில்லை. “இத வெட்டிப் போட்டிருக்கலாம்ல?” “முதல்ல அப்பிடித்தான் நெனச்சேன்.” அம்மா விரலை எடுத்து, ஒட்டியிருந்த பசையைச் சேலையில் துடைத்தாள். “கட்டம் நேராத்தான் இருக்கு,” என்று யாரிடமோ குறை சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் ஒன்று வேண்டுமென்றே சத்தமாக வைக்கப்பட்டது. அப்புறம் ஒரு ஈரத் துணி பறந்து வந்து போர்வை மேல் விழுந்தது, பார்த்தால் அது பழைய யூனிஃபார்மின் கைப்பிடித் துணி. “ஒத்து. தேய்க்காத,” என்றது அடுப்படி, அப்புறம் மூக்கைச் சிந்துகிற சத்தம் ஒரு தடவை. அக்சாள் ஒரு கட்டை விரலை மட்டும் விடுவித்து, ஈரத்தைக் கொம்பின் மேல் ஒற்றினாள். ஒற்றினாள். விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகி, பிசுபிசுவென்று ஆகி, நூல் தன் பிடிவாதத்தை விட்டு மரத்தின் வளைவோடு போக ஆரம்பித்தது. மறுபடி இரண்டு விரலாலும் அமுக்கிக்கொண்டாள். மிஸ், எனக்கு மஞ்சக்காமாலை இல்ல. சத்தம் வராமல் உதட்டால் மட்டும் சொன்னாள். மிஸ், அம்மா பொய் சொல்லல, சொல்ல வச்சது நான். இல்லை, இரண்டாவது வேண்டாம், அது அம்மாவைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு பூச்சு, சொல்லச் சொன்னது அதுவல்ல. மிஸ், எனக்கு மஞ்சக்காமாலை இல்ல, அம்மா சொன்னது பொய், எனக்கு டிசி வேணும். இந்தத் தடவை சத்தமாக. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. குரல் நடுவில் உடைந்திருந்தது, அதனால் இன்னொரு தடவை சொன்னாள். அப்புறமும் ஒரு தடவை, உடையாமல் வரும் வரைக்கும். பிறகு ஒவ்வொரு விரலாகக் கையை எடுத்தாள்.

துணி எழும்பவில்லை.